14 டொமைன் வாங்கினேன், ஒண்ணுகூட விக்கல: இனிமே ஒரு வெப் முகவரிக்கு என்ன மதிப்பு?

மக்களே, முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம். ரெண்டாவது வருஷ லீவுல ஒரு சின்ன கம்பெனியில ரெண்டு மாசம் இன்டர்ன்ஷிப் பண்ணேன். மாசம் 6,000 ரூபாய் ஸ்டைபண்ட். வாழ்க்கையில நானா சம்பாதிச்ச முதல் 12,000. அம்மாவுக்கு ஒரு புடவை, எனக்கு ஒரு ஷூன்னு பிளான் போட்டிருந்தேன். அந்த வாரம் பார்த்து யூடியூப்ல ஒரு வீடியோ. "800 ரூபாய்க்கு வாங்கிய டொமைன், 8 லட்சத்துக்கு விற்பனை." அவ்ளோதான்.

ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து 14 டொமைன் பெயர் பதிவு பண்ணேன். 11 டாட் இன், 3 டாட் காம். எல்லாமே "எதிர்காலத்துல டிமாண்ட் வரும்"னு நான் நினைச்ச பெயர்கள். ஈவி சார்ஜிங்கோட அம்பத்தூர் சேர்த்து ஒண்ணு, ட்ரோன் டெலிவரியோட சென்னை சேர்த்து ஒண்ணு, ஆவடி ஹாஸ்டலுக்கு ஒண்ணு, எங்க ஏரியா பெருமைக்கு மண்ணூர்பேட்டைன்னே ஒண்ணு. முதல் வருஷ ஆஃபர், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 9,000 ரூபாய் காலி. புடவை போச்சு, ஷூவும் போச்சு.

ஒரு வருஷத்துல எனக்கு வந்த விசாரணை மொத்தம் ரெண்டு. ஒண்ணு "உங்க வெப்சைட்டை நாங்க டிசைன் பண்ணித் தரோம்"னு ஒரு மெயில். இன்னொண்ணு ரெனியூவல் நோட்டீஸ். ஆஃபர் முடிஞ்சதால இந்தத் தடவை 15,000 ரூபாய்க்கு மேல கேட்டாங்க. 13 பெயரை விட்டுட்டேன். ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டேன். அது எதுன்னு கடைசியில சொல்றேன்.

இப்போ நம்ம கிளாஸ்லயும் ஜூனியர்ஸ்லயும் நிறைய பேர் இதே வேலையை ஆரம்பிச்சிருக்காங்க. "டொமைன்தான் டிஜிட்டல் நிலம் ப்ரோ, இப்போ வாங்கிப் போடு, பிளேஸ்மென்ட்டே தேவையில்லை"ன்னு ஹாஸ்டல்ல பேச்சு. டொமைன் பெயருக்கு எதிர்காலத்துல மதிப்பு இருக்கு, அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா அந்த மதிப்பு நாம தேடுற இடத்துல இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பெரிய விலையும் அதுக்குப் பின்னாடி இருக்கிற கணக்கும்

விலை போன கதைகள் பொய் இல்லை. 2019ல வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலருக்குப் போச்சு. சாட் டாட் காம் என்ற பெயரை ஹப்ஸ்பாட் நிறுவனர்களில் ஒருத்தரான தர்மேஷ் ஷா 2023ல 1.55 கோடி டாலர் கொடுத்து வாங்கினார். அடுத்த வருஷமே அது ஓப்பன்ஏஐ கைக்குப் போயிடுச்சு.

இந்தப் பெயர்களைக் கொஞ்சம் கவனிங்க. ரெண்டுமே ஆங்கிலத்துல ஒரே ஒரு சாதாரண வார்த்தை. இந்த மாதிரி வார்த்தைகள் எல்லாம் எப்பவோ பதிவாகி முடிஞ்சுது. உலகத்தின் முதல் டாட் காம் பெயர் பதிவானது 1985 மார்ச்ல. 1995 வரைக்கும் பெயர் பதிவு பண்றது இலவசம். அதுக்கப்புறம்தான் ரெண்டு வருஷத்துக்கு 100 டாலர்னு கட்டணம் வந்துச்சு. அந்தக் காலத்துல யோசிச்சு வாங்கினவங்க சம்பாதிச்சாங்க. இன்னைக்கு உலகத்துல 35 கோடிக்கு மேல டொமைன் பெயர்கள் பதிவுல இருக்கு, அதுல டாட் காம் மட்டும் 15 கோடிக்கு மேல. நாம ராத்திரி ஒரு மணிக்குத் தேடும்போது "கிடைக்கும்"னு பச்சையா காட்டுற பெயர், கோடிக்கணக்கான பேர் பார்த்து வேண்டாம்னு விட்ட பெயரா இருக்க வாய்ப்பு அதிகம்.

"நிலம்" என்ற ஒப்பீடும் சரி இல்லை. எங்க மண்ணூர்பேட்டையையே எடுத்துக்கோங்க. எம்டிஎச் ரோட்டுல பாடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவுல இருக்கிற ஊர். 1960கள்ல அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்ததும் சுத்தி இருந்த நிலத்துக்கு எல்லாம் விலை ஏறுச்சு. தொழிற்பேட்டைக்குப் பக்கத்துல இருந்ததால ஏறின விலை அது. டொமைன்ல "பக்கத்து மனை"ன்னு ஒண்ணு கிடையாது. ஜோஹோ டாட் காமுக்கு ஒரு எழுத்து தள்ளி ஒரு பெயர் வாங்கினா அதுக்கு மதிப்பு வராது, வக்கீல் நோட்டீஸ்தான் வரும். அதோட நிலம் நம்ம பேருக்கு எழுதினா நம்மளுது. டொமைன் அப்படி இல்லை, அது வாடகை. அதிகபட்சம் 10 வருஷத்துக்குத்தான் முன்பணம் கட்ட முடியும். கட்டாம விட்டா போச்சு.

ஜியோஹாட்ஸ்டார் பாடம்

"பெரிய கம்பெனிக்குத் தேவைப்படப்போற பெயரை முன்னாடியே பிடிச்சு வெச்சுட்டா?"ன்னு என் ஈசிஇ நண்பன் கேட்டான். இதுக்கு நம்ம நாட்டுலயே ஒரு உதாரணம் இருக்கு.

டெல்லியைச் சேர்ந்த ஒரு ஆப் டெவலப்பர். ஜியோ, சாவன் ஆப்பை வாங்கினதும் ஜியோசாவன்னு பெயர் மாத்தினதை அவர் கவனிச்சிருந்தார். ஐபிஎல் உரிமை போனப்புறம் ஹாட்ஸ்டார் தடுமாறுது, ஜியோவோட சேரலாம்னு செய்தி வந்ததும், 2023ல ஜியோஹாட்ஸ்டார் டாட் காமைப் பதிவு பண்ணிட்டார். கணிப்பு அச்சு அசலா பலிச்சுது. 2024 அக்டோபர்ல அந்தத் தளத்துலயே ஒரு கடிதம் போட்டார்: கேம்பிரிட்ஜ்ல படிக்கணும், ரிலையன்ஸ் அந்தச் செலவை ஏத்துக்கிட்டா பெயரைக் கொடுத்துடறேன்னு. கேட்ட தொகை 93,345 பவுண்டு. கிட்டத்தட்ட ஒரு கோடி ரூபாய். ரிலையன்ஸ் தரப்பு மறுத்துடுச்சு, சட்ட நடவடிக்கைன்னு பேச்சு வந்துச்சு. அப்புறம் துபாய்ல இருக்கிற ஒரு அண்ணன் தங்கச்சி, ரெண்டு பேரும் சின்னப் பசங்க, அந்தப் பெயரை வாங்கினாங்க. கடைசியில ரிலையன்ஸுக்கு இலவசமாவே தரோம்னு சொல்லிட்டாங்க.

2025 பிப்ரவரி 14ல ஜியோஹாட்ஸ்டார் ஆப் வந்துச்சு. பிரவுசர்ல போய்ப் பார்த்தா தளம் ஓடுறது பழைய ஹாட்ஸ்டார் டாட் காம்லதான். ஒரு கோடிக்குக் கேட்ட பெயரை நம்பி அவங்க வண்டி ஓடலை.

அந்த டெவலப்பர் மேல எனக்கு கோபம் இல்லை. படிக்கக் காசு இல்லாத வலி நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனா சட்டம் அவர் பக்கம் இல்லை. இதுல சென்னைக்கே ஒரு பங்கு உண்டு. நம்ம சிஃபி, அதாவது சத்யம் இன்ஃபோவே, 1999ல சிஃபி என்ற பெயரில் டொமைன்களைப் பதிவு பண்ணுச்சு. அப்புறம் இன்னொரு கம்பெனி ஒரு 'எஃப்' கூடுதலா போட்டு சிஃபிநெட்னு பதிவு பண்ணுச்சு. கேட்டதுக்கு, "எங்க அஞ்சு பங்குதாரர்கள் பெயரோட முதல் எழுத்து"ன்னு விளக்கம். வழக்கு பெங்களூரு சிவில் கோர்ட், கர்நாடக ஹைகோர்ட்னு போய், 2004 மே மாசம் உச்ச நீதிமன்றம் சிஃபிக்குச் சாதகமா தீர்ப்பு சொல்லுச்சு. டொமைன் பெயரும் வணிகப் பெயர் மாதிரிதான், அதுக்கும் டிரேட்மார்க் பாதுகாப்பு உண்டுன்னு இந்தியாவுல தெளிவா சொன்ன தீர்ப்பு இது. டாட் இன் பெயர்களுக்குத் தகராறு தீர்க்கத் தனி விதிமுறையும் 2005லேர்ந்தே இருக்கு. அதனால அடுத்தவங்க பிராண்டைப் பிடிச்சு வெச்சு விக்கிறது முதலீடே இல்லை, ஜெயிச்சா மட்டும் தப்பிக்கிற சூதாட்டம்.

அப்போ உண்மையா சம்பாதிச்சது யாரு?

தீவுகள்! சிரிக்காதீங்க, நிஜம்தான். கரீபியன் கடல்ல ஆங்குவிலான்னு ஒரு குட்டித் தீவு. மக்கள்தொகை சுமார் 16,000, நம்ம பக்கத்துல ரெண்டு மூணு தெரு நகர் சேர்த்தா வந்துடும். நாட்டுக் குறியீட்டுப் பட்டியல்ல அவங்களுக்குக் கிடைச்ச ரெண்டெழுத்து 'ஏஐ'. 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்ததும் உலகத்துல எல்லா ஸ்டார்ட்அப்புக்கும் டாட் ஏஐ வேணும். 2023ல மட்டும் அந்த அரசுக்கு இதுல வந்த வருமானம் சுமார் 3.2 கோடி டாலர், மொத்த அரசு வருமானத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல. பசிபிக்ல துவாலு என்ற நாடும் இதே கதைதான். அவங்க குறியீடு 'டிவி'. அந்தக் குத்தகைப் பணம் கைக்கு வந்த 2000ஆம் வருஷத்துல ஐ.நா. சபையில உறுப்பினரா சேர்ந்தாங்க.

இதுக்கு எதிர்ப்பக்கமும் பாருங்க. நம்ம டெவலப்பர் மக்களுக்கு ரொம்பப் பிடிச்ச டாட் ஐஓ, பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதி, அதாவது சாகோஸ் தீவுகளுக்கான குறியீடு. அந்தத் தீவுகளை மொரிஷியஸுக்குக் கொடுக்க பிரிட்டன் 2024ல ஒத்துக்கிச்சு, 2025 மே மாசம் ஒப்பந்தமும் கையெழுத்தாச்சு. அந்தப் பகுதின்னு ஒண்ணு தனியா இல்லாமப் போனா குறியீடும் பட்டியல்லேர்ந்து போகலாம். அப்படிப் போனா டாட் ஐஓவும் மெதுவா மூடப்படலாம். யூகோஸ்லாவியா உடைஞ்சப்புறம் டாட் ஒய்யூ 2010ல அப்படித்தான் அழிஞ்சுது. எங்கேயோ ரெண்டு அரசாங்கம் போடுற கையெழுத்து, இங்கே நம்ம ப்ராஜெக்ட்டோட முகவரியைத் தொடும்.

கட்டணம் வாங்குற இடத்துல இருக்கிறவங்களுக்குத்தான் நிச்சய வருமானம். தங்கம் தேடிப் போனவங்களை விட மண்வெட்டி வித்தவங்க சம்பாதிச்ச கதைதான் இதுவும்.

மாமாவோட பட்டறை

இவ்வளவு சொன்னதால டொமைனே வேஸ்ட்னு நான் சொல்றதா நினைக்காதீங்க. போன வருஷம் எங்க வீட்டுல நடந்தது என் கருத்தைத் தலைகீழா மாத்திடுச்சு.

எங்க பெரிய மாமா, அம்மாவோட அண்ணன், தொழிற்பேட்டைக்குப் பக்கத்துல ஒரு லேத் பட்டறை வெச்சிருக்கார். மூணு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஆறு பேர் வேலை. பெரிய கம்பெனிகளுக்குப் புஷ், பின் எல்லாம் ஜாப் ஒர்க்கா செஞ்சு கொடுப்பார். 2019ல தெரிஞ்ச பையன் ஒருத்தர் 12,000 ரூபாய்க்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தார். கூடவே கம்பெனி பெயர்லயே ஒரு மெயில் ஐடி. மாமாவுக்கு வெப்சைட் மேல பெரிய ஆர்வம் இல்லை. ஆனா அந்த மெயில் ஐடியை விசிட்டிங் கார்டு, பில், டெலிவரி சலான் எல்லாத்துலயும் அடிச்சிட்டார். கஸ்டமர் கம்பெனிகளோட வெண்டார் போர்ட்டல்ல பதிவு பண்ணதும் அந்த ஐடிதான்.

ஒருநாள் ஒரு பர்ச்சேஸ் ஆபீசர் போன் பண்ணி, "சார், உங்க சைட்ல ரம்மி விளையாட்டு வருது"ன்னு சொல்லியிருக்கார். மாமாவுக்கு ஒண்ணும் புரியலை. என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, நீ இதைத்தானடா படிக்கிற? வந்து பாரு."

"மாமா, டொமைன் யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான்டா. நான்தானே காசு கொடுத்தேன்!"

பார்த்தா அவர் பேர்ல இல்லை. வெப்சைட் போட்ட பையன் தன்னோட அக்கவுன்ட்ல, தன்னோட பெயர்லயே பதிவு பண்ணியிருக்கார். அஞ்சு வருஷத்துக்குப் பணம் கட்டியிருந்தார். ரெனியூவல் மெயில் எல்லாம் அவருக்குத்தான் போயிருக்கு. அவர் வேலைக்கு வெளிநாடு போயிட்டார், பழைய நம்பர் ஸ்விட்ச் ஆஃப். ஏமாத்தணும்னு எண்ணம் இருந்திருக்காது, மறந்துட்டார், அவ்ளோதான்.

டாட் காம் பெயர் காலாவதியானா உடனே போயிடாது. பழைய ஆள் புதுப்பிக்கறதுக்கு 45 நாள் வரைக்கும் ஒரு சலுகைக் காலம் கொடுக்கலாம். அப்புறம் அபராதம் கட்டி மீட்க 30 நாள். கடைசியா 5 நாள் கழிச்சு யார் வேணா எடுத்துக்கலாம்னு திறந்துவிடுவாங்க. அந்த நொடிக்குன்னே காத்திருக்கிற தானியங்கி புரோகிராம்கள் இருக்கு. பழைய பெயருக்கு கூகுள்ல ஏற்கெனவே ஒரு பேர் இருக்கும்ல, அதுக்காக. மாமாவுக்கு இந்த மாதிரி மாசக்கணக்குல அவகாசம் இருந்திருக்கு. அவருக்குத்தான் தெரியலை.

புதுசா எடுத்தவங்களுக்கு மெயில் போட்டேன். 2,200 டாலர் கேட்டாங்க. கிட்டத்தட்ட ரெண்டு லட்சம் ரூபாய் மக்களே, ஒரு பழைய லேத்தோட விலை.

வெப்சைட் போனதுகூட பிரச்சினை இல்லை. வெண்டார் போர்ட்டலுக்குள்ள போக ஓடிபி அந்தப் பழைய மெயிலுக்குத்தான் போகும். ஆர்டர் எடுக்க முடியலை, பில் ஏத்த முடியலை. ஒவ்வொரு கம்பெனிக்கும் லெட்டர்ஹெட்ல கடிதம், ஜிஎஸ்டி சான்றிதழ் நகல், நேர்ல அலைச்சல்னு ஆறு வாரம் போச்சு. ரெண்டு பேருக்கு அந்த மாசச் சம்பளம் லேட். அதுக்கு மேல ஒரு பயம். டொமைன் யார் கையில இருக்கோ, அந்த ஐடிக்கு வர்ற மெயிலையும் அவங்க வாங்க முடியும், அந்த ஐடியிலேர்ந்து அனுப்பவும் முடியும். "எங்க பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சு, பணத்தை இதுல போடுங்க"ன்னு ஒரே ஒரு மெயில் போட்டிருந்தா? நல்லவேளை, அப்படி எதுவும் நடக்கலை.

என்னோட 13 பெயர்களை எந்த மனுஷனும் சீண்டலை. மாமாவோட பெயர், கேட்கவே வாயில நுழையாத ஒரு "இன்ஜினியரிங் ஒர்க்ஸ்", அதுக்கு ரெண்டு லட்சம். ஏன்னா என் பெயர்கள் மேல எதுவும் இல்லை. அவர் பெயர் மேல அஞ்சு வருஷ வியாபாரம், பில், நம்பிக்கை எல்லாம் உட்கார்ந்திருந்துச்சு. டொமைனோட மதிப்பு எங்கேர்ந்து வருதுன்னு எனக்குப் புரிஞ்சது அந்தப் பட்டறையில, கூலன்ட் வாசனையில உட்கார்ந்து லேப்டாப் பார்த்துக்கிட்டிருந்தப்போதான்.

ஏஐ வந்தா முகவரி தேவைப்படுமா?

இது நியாயமான கேள்வி. இப்போ யாரு முகவரியை டைப் பண்றாங்க? கடைன்னா இன்ஸ்டாகிராம், ஹோட்டல்னா மேப்ஸ், சந்தேகம்னா சாட்ஜிபிடி. முகவரிப் பட்டியில பெயர் டைப் பண்றவங்களை நம்பித்தான் பழைய "ஒரு வார்த்தை" டொமைன்களுக்கு விலை இருந்துச்சு. அந்த வகை மதிப்பு குறையும்னுதான் நானும் நினைக்கிறேன்.

ஆனா இன்னொரு வகை மதிப்பு கூடும். இன்னைக்கு நல்லா தமிழ்ல ஒரு போலி மெயில் எழுத ஏஐக்கு ரெண்டு செகண்ட் போதும். லோகோ, டிசைன், குரல் எல்லாம் காப்பி அடிக்கலாம். காப்பி அடிக்க முடியாதது டொமைன் மட்டும்தான், ஏன்னா ஒரு பெயர் ஒரு நேரத்துல ஒருத்தர் கையிலதான் இருக்க முடியும். "இது நிஜமாவே அவங்களா?"ங்கிற கேள்விக்குப் பதில் சொல்ற வேலைக்கு டொமைன் மாறிக்கிட்டு வருது.

இதை நான் மட்டும் சொல்லலை, ரிசர்வ் வங்கியே செஞ்சிடுச்சு. 2025ல அறிவிச்சாங்க: இந்திய வங்கிகள் எல்லாம் அக்டோபர் 31க்குள்ள டாட் பேங்க் டாட் இன் முகவரிக்கு மாறணும். பதிவு பண்ற உரிமை ஹைதராபாத்தில் இருக்கிற ஐடிஆர்பிடி நிறுவனத்துக்கு மட்டும். வங்கி இல்லாத யாரும் அந்த முகவரியை வாங்கவே முடியாது. நம்ம சென்னையில தலைமையகம் வெச்சிருக்கிற இந்தியன் பேங்க், ஐஓபி ரெண்டும் மாறியாச்சு. இதை உங்க வீட்டுல பெரியவங்களுக்குச் சொல்லிக்கொடுங்க: வங்கின்னு லிங்க் வந்தா, முகவரியோட பெயர்ப் பகுதி டாட் பேங்க் டாட் இன்னு முடியுதான்னு பார்க்கணும். அதே மாதிரி 2024 பிப்ரவரியிலேர்ந்து, ஜிமெயிலுக்குத் தினமும் 5,000க்கு மேல மெயில் அனுப்புறவங்க தங்களோட டொமைன் உண்மையானதுன்னு டிஎன்எஸ் பதிவு மூலமா நிரூபிக்கணும்னு கூகுள் கட்டாயமாக்கிடுச்சு. ப்ளூஸ்கையில சொந்த டொமைனையே யூசர்நேமா வெச்சுக்கலாம். எல்லாமே ஒரே திசையிலதான் போகுது.

முகவரி கையை விட்டுப் போனா என்ன ஆகும்னு பெரிய கம்பெனிகளுக்கும் தெரியும். 2018 செப்டம்பர் 24, ஜோஹோ டாட் காம் திடீர்னு வேலை செய்யலை. சர்வர் எல்லாம் நல்லா இருக்கு, கோடும் நல்லா இருக்கு. அவங்க டொமைனைப் பதிவு பண்ணியிருந்த அமெரிக்க ரிஜிஸ்ட்ரார், ஃபிஷிங் புகார் வந்ததுன்னு மொத்த டொமைனையே நிறுத்திட்டாங்க. ஜோஹோ சொன்ன கணக்குப்படி வந்த புகாரே மூணுதான். ஸ்ரீதர் வேம்பு ட்விட்டர்ல பகிரங்கமா உதவி கேட்க வேண்டிய நிலைமை. மாமாவோட பட்டறைக்கும் ஜோஹோவுக்கும் அளவுல மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ஆனா மாட்டிக்கிட்ட இடம் ஒண்ணுதான்.

தமிழ்ல ஒரு முகவரி

கடைசியா ஒரு விஷயம். இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச நானே இதைக் கேட்கிறேன்: எங்க ஊர் பெயரை ஏன் நான் ஆங்கிலத்துல பதிவு பண்ணேன்?

மண்ணூர்பேட்டையை ஆங்கிலத்துல எப்படி எழுதுவீங்க? நடுவுல 'என்' ஒண்ணா ரெண்டா, 'ஊ'வுக்கு 'யூ'வா ரெண்டு 'ஓ'வா, கடைசியில 'பெட்'டா 'பேட்டை'யா? எட்டு ஸ்பெல்லிங் வந்துடும், கடை போர்டுகளைப் பார்த்தா எட்டையும் காட்டுறேன். தமிழ்ல அந்தக் குழப்பம் இல்லை. நடுவுல 'ப்' போடணும்னு எங்க தமிழ் மேடம் சண்டைக்கு வரலாம், அவ்வளவுதான்.

தமிழ்ல டொமைன் இன்னைக்கு நேத்து வந்ததும் இல்லை. 2007 அக்டோபர்ல ஐகான் அமைப்பு உலக மொழிகள்ல சோதனை முகவரிகள் விட்டப்போ, அந்த 11ல் தமிழும் ஒண்ணு. முகவரி "உதாரணம்.பரிட்சை". 2010ல டாட் இலங்கை, 2011ல டாட் இந்தியாவும் டாட் சிங்கப்பூரும் தமிழ் எழுத்துலயே வந்துடுச்சு. மூணு நாடுகளோட முகவரி தமிழ்ல இருக்கு! நம்ம கிளாஸ்ல எத்தனை பேருக்குத் தெரியும்? நான் கேட்டப்போ 60 பேர்ல மூணு கை தூக்குச்சு.

ஏன் ஓடலை? உள்ளுக்குள்ள டிஎன்எஸ் இன்னும் ஆங்கில எழுத்து, எண், கோடு மட்டும்தான் பேசும். தமிழ்ப் பெயரை ப்யூனிகோட்னு ஒரு முறையில மாத்தித்தான் அனுப்புது. "இந்தியா"ங்கிற நாலெழுத்து அங்கே போனா 'எக்ஸ்என்'னு ஆரம்பிச்சு புரியாத 17 எழுத்தா ஆகிடும். லிங்க்கை காப்பி பண்ணி அனுப்பினா சில சமயம் அந்த 17 எழுத்துதான் தெரியும். பார்க்கிறவங்க வைரஸ்னு பயந்து தொடமாட்டாங்க. தமிழ்ல மெயில் ஐடி வெச்சா பாதி ஃபார்ம் "சரியான மின்னஞ்சல் இல்லை"ன்னு திருப்பி அனுப்பும். அந்த ஃபார்மை எழுதினது யாரு? நம்ம மாதிரி இன்ஜினியர்தான். ஆங்கில எழுத்து மட்டும்தான் வரும்னு ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் போட்டுட்டுப் போனது நாமதான். என் மினி ப்ராஜெக்ட்டைத் திறந்து பார்த்தேன், நானும் அதையே போட்டிருந்தேன். அன்னைக்கே மாத்திட்டேன்.

தமிழ் டொமைன் வாங்கினா நாளைக்கு லட்சம் வரும்னு சொல்லமாட்டேன், அது 14 டொமைன் கதையையே திரும்பச் சொல்றது ஆகிடும். ஆனா போன்ல பேசியே தேடுற பாட்டிகளும், தமிழ் போர்டு வெச்ச கடைகளும் இருக்கிற ஊருல, பெயரை எழுதுற மாதிரியே முகவரியும் இருக்கிறது ஒரு வசதி. அதை வேலை செய்ய வைக்கிறது நம்ம கையில இருக்கு.

அப்போ என்ன பண்ணலாம்?

என் கருத்து எளிசு. விக்கறதுக்காக 14 வாங்காதீங்க. வாழறதுக்காக ஒண்ணு வாங்குங்க, உங்க பெயர்ல. கல்லூரி மெயில் ஐடி நாம வெளிய போனதும் மூடிடுவாங்க. இன்ஸ்டா அக்கவுன்ட் போனா கேட்க நாதி இல்லை. சொந்தப் பெயர்ல ஒரு டொமைன் இருந்தா ரெஸ்யூமே, ப்ராஜெக்ட், மெயில் எல்லாம் அதுக்குக் கீழே வெச்சுக்கலாம். ஹோஸ்டிங்கை எத்தனை தடவை மாத்தினாலும் முகவரி மாறாது. வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம், நம்ம கேன்டீன் கணக்கை விடக் கம்மி.

அடுத்தது, இந்த வாரக் கடைசியில வீட்டுக்குப் போறப்போ அப்பா, சித்தப்பா, பக்கத்துக் கடை அண்ணாச்சி, யாருக்காவது வெப்சைட் இருக்கான்னு கேளுங்க. இருந்தா மூணே மூணு கேள்வி. பதிவு யார் பேர்ல இருக்கு? ரெனியூவல் மெயில் யாருக்குப் போகுது? காலாவதி தேதி என்ன? அவங்க பேருக்கு மாத்தி, ஆட்டோ ரெனியூவல் போட்டு, டிரான்ஸ்ஃபர் லாக் போட்டுக் கொடுங்க. அரை மணி நேர வேலை. நாலு வருஷ இன்ஜினியரிங்ல நம்ம குடும்பத்துக்கு உருப்படியா செய்ற முதல் வேலையா அது இருக்கலாம். எனக்கு அப்படித்தான்.

மாமா இப்போ புது டொமைன்ல இருக்கார். அவர் பேர்லயே பதிவு, 10 வருஷத்துக்குப் பணம் கட்டியாச்சு. விசிட்டிங் கார்டு புதுசா அடிச்சார். பழைய கார்டு 400 மீதி இருக்கு, பின்பக்கத்துல மெஷின் அளவு குறிச்சு வைக்கிறார்.

நான் வெச்சுக்கிட்ட அந்த ஒரு பெயர், மண்ணூர்பேட்டை. விக்கறதுக்கு இல்லை. எங்க தொழிற்பேட்டையைச் சுத்தி இருக்கிற சின்னப் பட்டறைகளோட பட்டியல் ஒண்ணு அதுல போட்டிருக்கேன்: யார் என்ன வேலை செய்வாங்க, எந்த மெஷின் இருக்கு, எந்த நம்பர்ல கூப்பிடணும். இப்போதைக்கு 23 பட்டறை. போன மாசம் ஒருத்தருக்கு அது மூலமா திருமுடிவாக்கத்துலேர்ந்து ஒரு ஆர்டர் வந்துச்சாம். எனக்கு ஒரு ரூபாய் வரலை. ஆனா அவர் போன் பண்ணி, "தம்பி, அந்த வெப்சைட்டை மட்டும் மூடிடாத"ன்னு சொன்னார்.

ரெனியூவல் தேதி வர்ற மாசம் 9. இந்தத் தடவை யோசிக்காம கட்டிடுவேன். அம்மா புடவைக்கு மட்டும் இன்னும் கடன் பாக்கி.